கேட் போடுறதுக்குள்ள

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் இது கட்சி நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும். அந்தப் பெயரை நான் மைக்கில் கத்தியதே இந்த ஜென்மத்துக்குப் போதும். அக்கா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். எங்கள் ஊரில் சும்மா 'அக்கா' என்றால் அது அவர்தான். கூடப் பிறந்த அக்காவைப் பற்றிப் பேசுவதாக இருந்தால், 'எங்க சொந்த அக்கா' என்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

எனக்கு மைக் செட் தொழில். ஒரு லோடு ஆட்டோ, சில குழாய் ஸ்பீக்கர்கள், ஒரு ஆம்ப்ளிபயர், இவற்றோடு என் தொண்டை. காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் போவேன். ஆனால் கட்சிக் கூட்டம் என்றால் எனக்குத் தனி மவுசு. ஏனென்றால் எந்தத் தலைவரும் சொன்ன நேரத்துக்கு வர மாட்டார். மாலை ஐந்து மணி என்று நோட்டீஸ் அடித்திருந்தால் விளக்கு வைத்த பிறகுதான் தலை தெரியும். அதுவரை கூட்டத்தை எழுந்து போகவிடாமல் உட்கார வைப்பது என் வேலை. "இதோ வந்துகொண்டே இருக்கிறார்! திருமானூரைத் தாண்டிவிட்டார்! கீழப்பழுவூரில் மக்கள் வெள்ளத்தில் நீந்தி வந்துகொண்டிருக்கிறார்!" என்று அடித்து விடுவேன். தலைவர் அப்போதுதான் தஞ்சாவூர் லாட்ஜில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார். அது எனக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும். இருந்தாலும் ஒருத்தரும் எழுந்து போக மாட்டார்கள். அந்த அளவுக்குப் பேச்சில் கெட்டிக்காரன் நான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் மண்ணைப் போட்டவர் அக்கா. நான் குழாய் கட்ட ஏணியைச் சாத்தும்போதே பந்தலில் உட்கார்ந்திருப்பார். சில சமயம் பந்தலே இருக்காது. கால் நட்டுக்கொண்டிருக்கும் ஆட்களிடம் கயிற்றை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். "இதோ வந்துகொண்டே இருக்கிறார்" என்று யாரைச் சொல்வது? முன் வரிசையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிற ஆளையா?

அரசியலில் பெரிய ஆளான பிறகு வந்த பழக்கம் இல்லை இது. அக்கா எதற்கும் முன்னாடியே வந்துவிடுகிற ஆள். வாலிகண்டபுரத்துச் சிவன் கோயிலில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். அப்போது அவர் வெறும் வார்டு மெம்பர். வழக்கம் போல இரு வீட்டாரும் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டார். முதலில் வந்து இறங்கிய கல்யாணக் கோஷ்டியை வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிட்டு, பொண்ணுக்குப் பூ வைத்துவிட்டு, மாப்பிள்ளைக்கு மாலையைச் சரிசெய்து, தாலி கட்டி முடிந்ததும் கையில் வைத்திருந்த குத்துவிளக்கையும் கொடுத்துவிட்டார். சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் எங்கள் ஊர்க் கல்யாணக் கோஷ்டி வேனில் வந்து இறங்கியது. அன்றைக்கு அங்கே இரண்டு கல்யாணம். அக்கா கொஞ்சமும் அசரவில்லை. மறுபடியும் வாங்க வாங்க என்று கூப்பிட்டு, மறுபடியும் பூ வைத்துவிட்டு, பந்தியிலும் மறுபடியும் உட்கார்ந்தார். அந்த முன்பின் தெரியாத குடும்பம் பிற்பாடு அவருக்காக வீடு வீடாக ஓட்டுக் கேட்டது. "எங்க கல்யாணத்துக்கு முதல்ல வந்தவங்க அவங்கதான்" என்று சொல்லித்தான் கேட்டார்களாம்.

முன்னாடியே போய்விட்டால் சும்மா உட்கார மாட்டார். நேராகச் சமையல் கட்டுக்குப் போய்ச் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவார். எங்கள் பக்கத்து வெங்காயம் சின்னதாக இருந்தாலும் காரம் அதிகம். ஒருமுறை பெரம்பலூரில் ஒரு விசேஷத்தில் அப்படி உரித்துவிட்டு எழுந்து வந்தபோது, பத்திரிகைக்காரர் ஒருவர் போட்டோ எடுத்துப் போட்டுவிட்டார். கீழே 'மக்களின் துயர் கேட்டுக் கண் கலங்கினார்' என்று எழுதியிருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் சிரித்தார்.

இவ்வளவு அவசரம் எதற்கு என்று கேட்டால் ஒரே பதில்தான். "கேட் போடுறதுக்குள்ள போயிரணும்டா."

எங்கள் ஊர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அரியலூருக்கு வர ஒரே வழி, நடுவில் ரயில்வே கேட். மெட்ராஸுக்கும் திருச்சிக்கும் போகிற வண்டியெல்லாம் எங்கள் தலைமேல்தான் போகும். அதுபோக சிமெண்ட் ஏற்றிய கூட்ஸ் வண்டிகள். அவற்றுக்கு நேரம் காலம் கிடையாது. கேட் போட்டால் ஒன்று போகும், எதிரில் ஒன்று வரும், திறக்கப் போகிறான் என்று வண்டியை ஸ்டார்ட் செய்தால் இன்னொன்று ஊதும். பெரம்பலூர்க்காரர்களுக்கு ரயிலே இல்லையே என்று கவலை. எங்களுக்கு ரயில் இருக்கிறதே என்று கவலை. பரீட்சைக்குப் பிந்தினால் காரணம் கேட். பால் திரிந்தால் காரணம் கேட். பெண் பார்க்க வந்தவர்கள் வெயிலில் நின்று நின்று, இந்த ஊரில் பெண்ணே வேண்டாம் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போன கதையும் உண்டு.

அக்கா கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்த புதிதில் அரியலூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இரண்டு தடவை கேட்டில் மாட்டிப் பிந்திப் போனதும், அடுத்த தடவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அரை மணி நேரம் முன்னாலேயே கிளம்ப ஆரம்பித்தவர்தான். ஊர் முழுக்கவே அப்படித்தான் கிளம்பும். ஆனால் மற்றவர்கள் கேட்டைத் தாண்டிவிட்டால் பழக்கத்தை விட்டுவிடுவார்கள். அக்கா விடவில்லை. ரயிலே இல்லாத பெரம்பலூரில் நின்றுகொண்டும், "சீக்கிரம் வாடா, கேட் போட்டுருவான்" என்பார்.

வார்டு பெண்களுக்கு என்று ஆனபோது கட்சிக்காரர்கள் அவர் வீட்டுக்காரரிடம்தான் போனார்கள். பெயருக்கு அந்தம்மா நிற்கட்டும், காரியமெல்லாம் நீங்கள் பாருங்கள் என்றார்களாம். மாமா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர், தூக்கப் பிரியர். "அவ மனு குடுக்கக் கிளம்பிப் போயே ரொம்ப நேரமாச்சு. நான் இன்னும் பல்லு வெளக்கல. நான் எங்கய்யா காரியம் பாக்குறது?" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவரிடம் யாரும் போகவில்லை.

மெம்பரான அடுத்த மழைக்காலத்தில் அது நடந்தது. பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்த ஆம்புலன்ஸ் கேட்டில் நின்றுவிட்டது. சிக்னல் கிடைக்காத கூட்ஸ் வண்டி ஒன்று பாதை நடுவில் மறித்து நின்றுகொண்டிருந்தது. கேட் கீப்பர் பாவம், வடநாட்டுப் பையன், கையைக் கையைப் பிசைந்துகொண்டு இந்தியில் ஏதோ அழுதான். அக்கா அன்று எதற்கோ அரியலூர் கிளம்பி, வழக்கம்போல முன்னாடியே வந்து அங்கே நின்றுகொண்டிருந்தார். சுற்றி நின்ற பெண்களைக் கூப்பிட்டு, புடவைத் தலைப்புகளை மறைப்பாகப் பிடிக்கச் சொல்லி, ஆம்புலன்ஸ்காரருக்குக் கூடமாட உதவினார். கூட்ஸ் வண்டி நகர்வதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் சௌக்கியம். அந்தக் குழந்தைக்கு வீட்டில் அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஊரில் அவள் 'கேட்டழகி'தான்.

எல்லோரும் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இது நல்லபடியாப் பொறந்துச்சு. எல்லாம் இப்படியே பொறக்குமாடா?" என்றார். மறுநாளே கலெக்டர் ஆபீசுக்குப் போனார். தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சப்வே கட்டிக் கொடுத்தால் போதும், வண்டி போகிற பாட்டுக்குப் போகட்டும், நாங்கள் வருகிற பாட்டுக்கு வருகிறோம் என்று கேட்டார். அது ரயில்வே சமாச்சாரம் என்றார்கள். திருச்சியில் ரயில்வே ஆபீசுக்குப் போனார். அது டெல்லியில் முடிவாக வேண்டியது என்றார்கள். திரும்பி வந்து என் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, "அப்ப டெல்லிக்குத்தான் போவணும் போலருக்குடா" என்றார். நான் சிரித்தேன். ஒரு வார்டு மெம்பர் சொன்னால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் கேட்டை எடுக்காமல் விடப்போவதில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார். அடுத்த தேர்தலில் பஞ்சாயத்துத் தலைவர் ஆனார். அதற்கடுத்து ஒன்றிய சேர்மன். எப்படி இவ்வளவு வேகமாக மேலே போனார் என்று பலருக்கு ஆச்சரியம். கூடவே சுற்றிய எனக்கு ஆச்சரியம் இல்லை. எந்த ஆபீசுக்குப் போனாலும் ஆபீசர் வருவதற்கு முன்னாலேயே போய்விடுவார். அங்கே பெருக்குகிற அம்மாவோடு படியில் உட்கார்ந்து டீ குடிப்பார். எந்த ஃபைல் எந்த மேஜையில் தூங்குகிறது, எந்த சார் மாற்றலாகிப் போகப்போகிறார், யாருக்குக் காலையில் கேட்டால் கோபம் வரும், யாருக்கு மத்தியானம் கேட்டால் தூக்கம் வரும் என்பதெல்லாம் அந்தப் படியிலேயே தெரிந்துவிடும். ஆபீசர் வந்து நாற்காலியில் உட்காரும்போது அக்காவுக்குப் பாதி வேலை முடிந்திருக்கும்.

கட்சிக்குள் இது பெரிய தலைவலி. எங்கள் பக்கம் மாவட்டச் செயலாளரை 'மாவட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். 'மாவட்டம் சாப்பிட்டுட்டாரா', 'மாவட்டத்துக்கு மூட்டு வலி' என்று பேசிக்கொள்வது வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அந்த மாவட்டம் ஒரு நாள் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தலைவருன்னா ஜனங்க காத்துக் கெடக்கணும்மா. காக்க வெச்சாத்தான் மதிப்பு. நீ முன்னாடியே போயி வெங்காயம் உரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா எவன் மதிப்பான்?"

"அவங்களுக்குப் பதிலா நான் காத்துக்கெடக்குறேங்க. மதிப்பு எங்க போயிரப் போவுது?" என்றார் அக்கா.

மாவட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. லப்பைக்குடிக்காட்டில் அடுத்த கூட்டம். என்னைத் தனியாக அழைத்து, அந்தம்மாவை எப்படியாவது ஒரு மணி நேரம் தாமதமாகக் கூட்டி வரவேண்டும் என்றார். நானும் என் தொழில் செழிக்கட்டும் என்று ஒப்புக்கொண்டேன். வழியில் ஆட்டோவை ஓரமாக நிறுத்தி, மூடியைத் திறந்து, இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தால் அக்காவைக் காணோம். பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிப் போயேவிட்டார். அலறியடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கடைவீதியில் ஒரு பாயின் கடை முன்னால் நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்திருக்க, சுற்றிலும் பெண்கள். வீட்டுக்காரர்கள் துபாயிலும் சவூதியிலும் இருக்கிறவர்கள். பாஸ்போர்ட்டுக்கு அலைவது, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன தம்பி, பொழுது சாஞ்சு மஃரிப் தொழுகைக்கு அப்புறம் கூட்டம்னு நோட்டீஸ் போட்டுட்டு, அக்கா அஸர் தொழுகைக்கே வந்துட்டாங்க. மாஷா அல்லா, பேச வேண்டியதெல்லாம் பேசியாச்சு. நீங்க எதுக்கு இவ்ளோ குழாயைத் தூக்கிட்டு வந்தீங்க?" என்றார் பாய்.

மைக் இல்லாமலேயே கூட்டம் முடிந்துபோயிருந்தது. என் தொழில் வாழ்க்கையில் அப்படி ஒரு அவமானத்தை நான் பட்டதில்லை.

பாராளுமன்றத் தேர்தல் வந்தது. அக்கா சீட் கேட்டார். மாவட்டம் தன் மச்சானுக்குக் கேட்டார். மச்சானுக்குப் பணம் இருந்தது, கார்கள் இருந்தன, எந்தக் கூட்டத்துக்கும் தாமதமாக வருகிற நல்ல பழக்கமும் இருந்தது. அக்காவுக்கு எங்களை விட்டால் யாரும் இல்லை. இந்த முறை கிடைக்காவிட்டால் இன்னும் ஐந்து வருஷம் அந்தக் கேட்டில் நிற்க வேண்டியதுதான் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். சீட்டை முடிவு செய்யவேண்டிய தலைவர் சுற்றுப்பயணமாக அரியலூர் வருகிறார் என்று சேதி வந்தது. எங்கள் ஊரில் கொடியேற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகட்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டார். தலைவரும் சரி என்றுவிட்டார். எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும் என்று அவருடைய ஆட்கள் அக்காவிடமே கேட்டார்கள். அக்கா ஒரு நேரம் சொன்னார்.

அன்று சாயங்காலம் எங்கள் ஊர்த் திடலில் நல்ல கூட்டம். நான் மைக்கில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். அக்கா தலைவரை அழைத்துவர கேட்டுக்கு அந்தப் பக்கம் எப்போதோ போய்விட்டார். "இதோ வந்துகொண்டே இருக்கிறார்" என்று நான் சொன்ன நேரத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக, தலைவர் நிஜமாகவே வந்துகொண்டிருந்தார். அப்போது மணி அடித்தது. கேட் போட்டுவிட்டான்.

திடலில் இருந்து கேட் கூப்பிடு தூரம்தான். தலைவர் கார் அந்தப் பக்கம் நிற்கிறது என்று யாரோ சொன்னதும் மொத்தக் கூட்டமும் எழுந்து கேட்டுக்கு ஓடியது. ஆள் இல்லாத திடலில் யாரிடம் பேசுவது? நானும் ஆம்ப்ளிபயரையும் பாட்டரியையும் ஆட்டோவில் தூக்கிப் போட்டு, குழாய்களை மேலே கட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். போய்ப் பார்த்தால் கூட்ஸ் வண்டி ஒன்று நட்டநடுவில் மறித்து நிற்கிறது. அந்தப் பக்கம் தலைவர், இந்தப் பக்கம் தொண்டர்கள், நடுவில் சிமெண்ட். எங்கள் ஆட்கள் ஆர்வம் தாங்காமல் கூட்ஸ் வண்டியைப் பார்த்தே "வாழ்க" போட்டார்கள்.

என் செல் அடித்தது. அக்கா.

"தம்பி, செல்லை மைக்ல வெச்சுப் புடி. ஐயா ரெண்டு வார்த்தை பேசுவாரு."

பிடித்தேன். தலைவர் குரல் குழாய் வழியாகக் கணீர் என்று வந்தது. தாய்மார்களே, பெரியோர்களே என்று ஆரம்பித்து, சீக்கிரமே உங்களைச் சந்திக்கிறேன் என்று முடித்தார். கைதட்டினார்கள். தலைவர் செல்லைச் சீட்டில் வைத்துவிட்டார் போலிருக்கிறது. ஆனால் யாரும் அதை அணைக்கவில்லை. நானும் மைக்கை எடுக்கவில்லை.

"என்னய்யா மாவட்டம், இது எப்பய்யா தொறக்கும்?" என்று தலைவர் கேட்டது ஊருக்கே கேட்டது.

"தெரியாதுங்க!" என்று இந்தப் பக்கம் இருந்து ஒருத்தர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

"இப்பத் தொறந்துரும் தலைவரே" என்றார் மாவட்டம்.

"தொறக்காதுங்கய்யா" என்றது அக்காவின் குரல். "இந்த கூட்ஸு நகந்தாலும் எதுத்தாப்புல மெட்ராஸ் வண்டி ஒண்ணு இருக்கு. அது போனாத்தான்."

"தெனமும் இப்படித்தானாம்மா?"

"ஆமாங்கய்யா."

"பள்ளிக்கூடம் போற புள்ளைங்க?"

"சீக்கிரமே கிளம்பிருங்கய்யா."

"வேலைக்குப் போறவங்க?"

"அவங்களும் சீக்கிரமே கிளம்பிருவாங்க."

"ஒடம்பு முடியாதவங்க?"

"அவங்களாலதாங்கய்யா சீக்கிரம் கிளம்ப முடியல" என்றார் அக்கா.

இந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிவிட்டது. ஒவ்வொருத்தருக்கும் யாரோ ஒருவர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது.

"இதை எடுக்கணும்னா யார்ட்ட கேக்கணும்?"

"டெல்லியிலங்கய்யா."

"டெல்லிக்கு யாரைய்யா அனுப்புறது?"

"அதுக்குத்தான் தலைவரே, நம்ம மச்சான் பேரை..." என்று மாவட்டம் ஆரம்பித்தார். அதற்குள் இந்தப் பக்கம் இருந்து ஊரே "அக்கா!" என்று கத்தியது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. என் தொண்டையையும் மீறி அப்படி ஒரு சத்தம் எங்கள் ஊரில் வந்ததை அன்றுதான் கேட்டேன். கூட்ஸ் வண்டியைத் தாண்டி அது போயிருக்கிறது.

"என்னய்யா சத்தம் அது?" என்றார் தலைவர்.

"உங்களைப் பாக்க வந்தவங்கதாங்கய்யா" என்றார் அக்கா.

தலைவர் சிரிக்கிற சத்தம் குழாயில் கேட்டது. கேட் திறந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவர் திடலுக்குப் போகவில்லை. தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே கார்க் கதவைத் திறந்துகொண்டு நின்று, எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினார். வேட்பாளர் பட்டியல் வந்தபோது அக்கா பெயர் இருந்தது. நாங்கள் கேட்டில் வெடி வெடித்தோம். கேட் கீப்பர் பையனுக்கும் லட்டு கொடுத்தோம்.

எனக்குள் ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருந்தது. பிரச்சாரத்தின்போது ஒரு நாள் ஆட்டோவில் கேட்டுவிட்டேன். "ஏங்க்கா, எல்லாரையும் முன்னாடியே கிளம்பு கிளம்புன்னு உசுரை வாங்குற ஆளு நீங்க. கூட்ஸை விடுங்க, அந்த நேரத்துல மெட்ராஸ் வண்டி வரும்னு நம்மூருக் கொழந்தைக்கும் தெரியும். தலைவருக்கு மட்டும் ஏன் அந்த நேரத்தைச் சொன்னீங்க?"

அக்கா தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டார். "நம்மூருக்கு வர்றாரு மனுசன். நம்மூரு எப்படின்னு பாக்க வேணாமாடா?"

ஜெயித்து டெல்லிக்குப் போனார். முதல் நாள் பாராளுமன்றத்துக்கும் விடிந்ததும் விடியாததுமாகப் போய் நின்றிருக்கிறார். காவலுக்கு இருந்தவர்கள் பார்வையாளர் என்று நினைத்து, உள்ளே போகிற நேரம் இன்னும் ஆகவில்லை, ஓரமாக நில்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா ஓரமாக நின்றிருக்கிறார். ராத்திரி போனில் எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "ரயில்வே ஆபீஸ்ல பெருக்குற அம்மா ஒண்ணு நம்ம விழுப்புரம் பக்கம்டா. நல்லாப் பேசுது" என்றும் சொன்னார். அப்போதே எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அந்தப் படியைப் பிடித்துவிட்டார் என்றால் மேலே போய்விடுவார்.

சப்வே சும்மா கிடைத்துவிடவில்லை. போவதும் வருவதுமாக நாள் ஓடியது. ஒரு ஆபீசர் சரி என்பார், அவர் மாறுவார், அடுத்தவர் முதலில் இருந்து கேட்பார். ஒருமுறை மண்ணைச் சோதிக்க வந்தவர்களைப் பார்த்து வேலை ஆரம்பித்துவிட்டது என்று நாங்கள் வெடி வெடித்து, அப்புறம் வெட்கப்பட்டோம். கடைசியில் ஒரு நாள் பெரிய பெரிய சிமெண்ட் பெட்டிகளை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். தண்டவாளத்துக்கு அடியில் தள்ளினார்கள். மழைக்குத் தண்ணீர் தேங்கும் என்று அக்கா சண்டை போட்டு மோட்டாரும் வாங்கிவைத்தார்.

திறப்பு விழாவுக்கு டெல்லியில் இருந்து பெரியவர்கள் வந்தார்கள். முறைப்படி தாமதமாகத்தான் வந்தார்கள். ரிப்பன் வெட்டியதும் முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு சப்வேக்குள் ஓடினார்கள். தலைக்கு மேலே அப்போது ஒரு வண்டி போனது. எங்கள் ஊரில் ஒருத்தர் கூட அதற்காக நிற்கவில்லை. அக்கா சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்து வந்தார். கண்ணில் தண்ணீர் ஊற்றியது. எனக்கும்தான்.

மறுநாள் காலை அக்காவின் செல் விடாமல் அடித்தது. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இருந்து எங்கள் தெருப் பெண் ஒருத்தி பேசினாள்.

"அக்கா, கடையே தொறக்கல. ஸ்கூலு தொறக்கல. பால் டிப்போகாரன் கூட வரல. பஸ் ஸ்டாண்டுல நம்மூரு மட்டும்தான் உக்காந்திருக்கோம். என்ன பண்றதுக்கா?"

பழக்க தோஷம். ஊரே வழக்கம்போல அரை மணி நேரம் முன்னால் கிளம்பி, நிற்க ஒரு கேட் இல்லாமல் நேராக அரியலூர் போய் இறங்கிவிட்டது. அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"டேய், சாயங்காலம் ஆட்டோவுல குழாயைக் கட்டு. தெருத் தெருவாச் சொல்லணும்."

நான் பெரிசாக ஒரு அறிவிப்பைத் தயார் செய்தேன். டெல்லிப்பட்டணம் சென்று வென்று வந்த எங்கள் அக்கா என்று ஆரம்பித்தேன். அக்கா அதையெல்லாம் வெட்டிவிட்டார். எவ்வளவோ சாவு, எவ்வளவோ கூட்டம், காணாமல் போன ஆடு மாடு என்று இந்தத் தொண்டையால் அறிவித்திருக்கிறேன். இப்படி ஒன்றை அறிவித்ததில்லை.

"ஊர்ப் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. நாளையிலேர்ந்து யாரும் சீக்கிரம் கிளம்ப வேண்டாம். காலையில் இன்னும் அரை மணி நேரம் தூங்கலாம். அரை மணி நேரம் தூங்கலாம்."

பெண்கள் வாசலுக்கு வந்து வந்து பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருத்தி ஆட்டோவை மறித்து, "அண்ணே, எங்க வூட்டு வாசல்ல நின்னு இன்னொரு தடவை சொல்லுங்க. எங்க மாமியாருக்கு ஒரு காது கேக்காது" என்றாள். நின்று நாலு தடவை சொன்னேன்.

அடுத்த நாள் அக்கா டெல்லிக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவு சீக்கிரம் கார் டிரைவர் வர மாட்டார் என்பதால் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட என்னைத்தான் வரச் சொல்லியிருந்தார். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. வழக்கமாக அந்நேரத்துக்குத் தெரு பூராவும் அடுப்புப் புகையும், பாத்திரச் சத்தமும், பிள்ளைகளை எழுப்புகிற சத்தமுமாக இருக்கும். அன்று ஒரு வீட்டிலும் விளக்கு இல்லை. ஒரு வாசலும் திறக்கவில்லை. அக்கா பையோடு வெளியே வந்து தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தார். நான் ஆட்டோவை ஸ்டார்ட் செய்யப் போனேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்டா. தூங்குறாங்க."

பையை ஆட்டோவுக்குள் வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, எம்.பி. ஆட்டோவுக்குப் பின்னால் போய் நின்றார். நான் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டேன். தெருக்கோடி வரைக்கும் இரண்டு பேரும் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போனோம்.